அண்ணனுக்குத் துணை

அண்ணனின் அழுகையை நிறுத்துவதற்காகத்தான் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள்.

அவனுக்கு அப்போது ஐந்து வயது. எனக்கு நான்கு கூட நிறையவில்லை. ஒன்றாம் வகுப்பு வாசலில் அவனை விட்டுவிட்டு அம்மா திரும்பினால் அவனும் கூடவே திரும்பிவிடுவான். அடித்துப் பார்த்தார்கள், மிட்டாய் வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். “பாப்பாவும் வரணும்” என்று ஒரே பிடிவாதம். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த அப்பா என்னையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்த் தலைமையாசிரியர் முன்னால் நிறுத்தினார். வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது என்று கணக்கு. என் விரல் உச்சந்தலையையே தாண்டவில்லை. பின்னால் நின்ற அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் முழங்கையைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினான். விரல் காதில் பட்டது. தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே, ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குப் போட்ட ஜூன் மாதத்தையே எனக்கும் போட்டார். அதனால் சான்றிதழ்களின்படி எனக்கும் அண்ணனுக்கும் ஐந்தே நாள்தான் வித்தியாசம். இது எப்படிச் சாத்தியம் என்று அம்மாவிடம் இதுவரை எந்த அதிகாரியும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து பத்தாம் வகுப்பு வரை இரண்டு பேரும் ஒரே வகுப்பு. நான் முதல் பெஞ்ச், அவன் கடைசி பெஞ்ச். எனக்குப் புத்தகம் என்றால் உயிர். அவனுக்குத் திருகாணி என்றால் உயிர். வீட்டில் ஒரு பொருள் ஓடுகிறது என்றால் அது ஏன் ஓடுகிறது என்று கழற்றிப் பார்த்தாக வேண்டும் அவனுக்கு. ஒருமுறை கிணற்று மோட்டாரையே பிரித்துப் போட்டுவிட்டான். அப்பா நன்றாகச் சாத்தினார். மறுநாள் மாலை அவனே அதைத் திரும்ப மாட்டி ஓட வைத்தபோது, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பாய்ச்சப் போனார். அப்பாவின் பாராட்டு அதற்கு மேல் போகாது.

எங்கள் ஊர் செட்டிகுளத்துக்கு அந்தப் பக்கம். சின்ன வெங்காயம், மக்காச்சோளம், கொஞ்சம் பருத்தி. ஊர்ப் பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க இரண்டு இடம் இருந்தது. நடந்துபோகிற தூரத்தில் பக்கத்து ஊர் மேல்நிலைப்பள்ளி. அங்கே வரலாறு குரூப்பும், தொழிற்கல்வியில் நர்சிங் குரூப்பும் மட்டும்தான். இன்னொன்று பெரம்பலூர் டவுனில். அங்கேதான் முதல் குரூப் இருந்தது. கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் சேர்ந்த குரூப். இன்ஜினீயரிங்கோ வேறு பெரிய படிப்போ படிக்க வேண்டும் என்றால் அதைத்தான் எடுக்க வேண்டும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பையன்கள் பெரம்பலூருக்குப் பஸ் ஏறுவார்கள். பெண்கள் பக்கத்து ஊருக்கு நடப்பார்கள். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனாலும் அதுவரை யாரும் மீறியதில்லை.

பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. அண்ணனைவிட நான் நூறு மார்க்குக்கு மேல் அதிகம். அறிவியலில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவது. லிட்மஸ் தாள் நீலத்திலிருந்து சிவப்பாக மாறுவதை முதன்முதலாகப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேதியியல் மேல் ஒரு கிறுக்கு இருந்தது. முதல் குரூப் எனக்குத்தான் என்று மனதுக்குள் உட்கார்ந்து படிக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

அந்த வாரம் நாங்கள் எல்லோரும் வயலில் வெங்காயப் பட்டறை முன்னால் உட்கார்ந்து விதை வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தோம். பட்டறை என்பது கல் மேல் மூங்கில் தட்டி கட்டி, காற்றோட்டமாகக் கீற்று வேய்ந்த கொட்டகை. மாசியில் எடுத்த வெங்காயத்தை நடவு வரைக்கும் அதற்குள்தான் வைத்திருப்போம். பெரியப்பா வந்து ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தார். அவர்தான் எங்கள் குடும்பத்தின் கல்வி அமைச்சர். எட்டாம் வகுப்பில் நின்றவர்.

“பையன டவுன்ல முதல் குரூப்புல சேத்துடு. இன்ஜினீயரா வந்துருவான்” என்றார் அப்பாவிடம். “பாப்பாவ நடந்து போற பள்ளிக்கூடத்துலயே போட்டுடு. பொம்பளப் புள்ளைக்கு எந்த குரூப்பா இருந்தா என்ன, பன்னெண்டாவது முடிச்சா போதும்.”

ரெண்டு பேரும் சேர்ந்தே போய்விட்டு வரட்டுமே என்று அம்மா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். இவன் ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்துவிட்டால் அவள் தனியாகவா வருவாள் என்று பெரியப்பா கேட்டார். அம்மா அதற்குமேல் பேசவில்லை. அப்பாவைக் குறை சொல்ல இன்றைக்கும் எனக்கு மனம் வரவில்லை. மாலை பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட ஏழு மணி ஆகிவிடும். அங்கிருந்து ஊருக்கு ஒன்றரை கிலோமீட்டர். சோளம் வளர்ந்துவிட்டால் பாதையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். அதை நினைத்துத்தான் அவர் தலையாட்டினார். நான் எழுந்து பட்டறைக்குள் போய் அழுதேன். வெங்காயத்துக்கு நடுவே அழுவதில் ஒரு வசதி, யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

மறுநாள் காலை அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பி நின்றார். அண்ணன் கயிற்றுக் கட்டிலில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு எழவே இல்லை.

“பாப்பா வராம நான் போவல.”

அப்பா விளையாட்டு என்று நினைத்தார். போர்வையைப் பிடித்து இழுத்தார்.

“எனக்குக் கணக்கு வராதுப்பா. பாப்பா சொல்லிக் குடுத்துத்தான் பத்தாவதே பாஸ் பண்ணுனேன். அது இல்லன்னா பெயிலாத்தான் போவேன். அப்பறம் என்னச் சொல்லக் கூடாது.”

பதினைந்து வயதுப் பையன். மேலுதட்டில் மீசை அரும்பியிருந்தது. ஒன்றாம் வகுப்பு வாசலில் போட்ட அதே ஆட்டத்தை மறுபடியும் போட்டான். அப்பா கத்தினார், பெரியப்பா வந்து கத்தினார். அண்ணன் சாப்பிடவும் மறுத்துவிட்டான். இரண்டாவது நாள் விஷயம் டீக்கடைக்குப் போய்விட்டது. “மீசை மொளச்சும் தங்கச்சி பாவாடைய விட மாட்டேங்கறானாம்” என்று பேசிச் சிரித்தார்கள். அவன் வயதுப் பையன்கள் எங்கள் வீட்டைக் கடக்கும்போது குழந்தை மாதிரி அழுது காட்டிவிட்டுப் போனார்கள். இவன் காது கேளாதவன் போலக் கட்டிலில் படுத்துக் கிடந்தான்.

அந்தப் பட்டினியின் லட்சணம் எனக்கு மட்டும் தெரியும். மூன்றாவது நாள் விதை அள்ளப் பட்டறைக்குள் போனால், மூலையில் குந்தியபடி தூக்குவாளியில் புளிச்சோறு தின்றுகொண்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும் திருட்டு முழி முழித்தான். சமையலறையில் திருடியிருக்கிறான் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லாமல் இருக்க எனக்கும் இரண்டு கவளம் கொடுத்தான். வாங்கித் தின்றேன். ஆனாலும் அவன் மேல் எனக்கு இளக்காரம்தான் கூடியது.

நான்காம் நாள் பெரியப்பா தோற்றார். “இவன இன்ஜினீயராக்கணும்னா அதையும் சேத்துத்தான் அனுப்பணும் போலருக்கு. அனுப்பித் தொல” என்றார். இப்படியாக, பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்த நான், அண்ணனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் தகுதியில் முதல் குரூப்புக்குள் நுழைந்தேன்.

கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டிருக்கலாம். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என் மார்க்குக்காக ஒரு வார்த்தை பேசாதவர்கள், அவன் கணக்கில் தேற மாட்டான் என்றதும் என்னை அனுப்புகிறார்கள். நான் என்ன இவனுக்குக் கொடுத்தனுப்புகிற சோற்று டப்பாவா? ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. பஸ்ஸில் நான் முன்னால், அவன் பின்னால். மெயின் ரோட்டில் இறங்கியதும் அவன் எனக்கு நாற்பது தப்படி முன்னால் போவான். கையில் ஒரு குச்சி. பாதையின் இரண்டு பக்கமும் சோளத்தட்டைகளில் படார் படார் என்று அடித்துக்கொண்டே, ஊருக்கே கேட்கிற மாதிரி சீட்டியடித்துக்கொண்டு போவான். என்னை எரிச்சல்படுத்தவே இதைச் செய்கிறான் என்று நினைத்தேன். அந்தப் பாதையில் பாம்பு உண்டு. இரண்டு வருஷத்தில் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

டவுன் பள்ளியில் வகுப்பறைகளை எட்டிப் பார்த்தாலே எது எந்தக் குரூப் என்று சொல்லிவிடலாம். ரிப்பனாகத் தெரிந்தால் நர்சிங். ஒரு ரிப்பன்கூடத் தெரியாவிட்டால் மெஷின் வேலை சொல்லித்தரும் தொழிற்கல்வி. எங்கள் முதல் குரூப்பில் ஐம்பது சொச்சம் பேரில் ஒன்பது பெண்கள். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் கருவிகள் குறைவு. ஆளுக்கு ஒன்று கிடைக்காது, பையன்கள் கருவியைப் பிடிப்பார்கள், பெண்கள் பக்கத்தில் நின்று ரீடிங் எழுதுவார்கள். இதுவும் யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. அண்ணனை என்னோடு ஜோடி போட்டிருந்தார்கள். அவன் கருவியைத் தொடவே மாட்டான். வீட்டில் மோட்டாரைப் பிரித்துப் போடுகிறவன், திருகு அளவியை என் பக்கம் தள்ளிவிட்டு நோட்டை வாங்கிக்கொள்வான்.

“நீ புடி. எனக்குக் கை நடுங்குது.”

அவன் எழுதிய ரீடிங் கோழி கிளறியது மாதிரி இருக்கும். நான் திரும்ப எழுதுவேன். அதனால் அந்த வகுப்பில் அளவெடுக்கவும் எழுதவும் இரண்டும் தெரிந்த ஒரே பெண்ணாக ஆனேன். அதற்கும் அவனைத்தான் திட்டினேன்.

முதல் மாதத் தேர்வுக்கு முந்தின நாள் மாலை, வேறு வழியில்லாமல் அவனோடு பேசினேன். கணக்குப் போட்டுப் பார்க்கத் தாள் தீர்ந்துபோயிருந்தது. உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டேன். பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தான். விரித்தால் அது பெரம்பலூரில் ஒரு ஐடிஐயின் விண்ணப்பப் படிவம். எலெக்ட்ரீஷியன் பிரிவுக்கு. மேலே கடைசித் தேதி அச்சிட்டிருந்தது. எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது. அண்ணன் எழுத்துதான், ஆனால் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அவ்வளவு அழகாக அவன் எழுதி நான் பார்த்ததே இல்லை. அப்பா கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

“ஐடிஐக்கா? அப்பாகிட்டச் சொல்லட்டுமா?” என்றேன். பழைய கோபம் இன்னும் இருந்தது.

“கடைசித் தேதியெல்லாம் முடிஞ்சு போச்சு. பின்னாடி காலியாத்தான இருக்கு, கணக்குப் போடு.”

டவுனில் இடம் கிடைக்காவிட்டால் என்று பயந்து வாங்கி வைத்திருப்பான் என்று நினைத்தேன். தாளைத் திருப்பிப் போட்டுத் திரிகோணமிதிக் கணக்குகள் ஏழு போட்டேன். ஏழும் சரியாக வந்தன. அன்றிலிருந்து மறுபடியும் பேச ஆரம்பித்தோம்.

இரண்டு வருஷம் ஓடியது. எந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்க என்னை அனுப்பினார்களோ, அந்தக் கணக்கில்தான் அண்ணன் பெயிலானான். எனக்கு வேதியியலில் இருநூற்றுக்குக் கொஞ்சம்தான் குறைந்தது. “நீ என்னத்தச் சொல்லிக் குடுத்த?” என்று அப்பா என்னிடம் சண்டைக்கு வந்தார். அண்ணன்தான் குறுக்கே வந்தான். அது நல்லாத்தான் சொல்லிக் குடுத்துச்சு, எனக்குத்தான் மண்டையில ஏறல என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். பெயிலானவன் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கலந்தாய்வில் எனக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கெமிக்கல் இன்ஜினீயரிங் கிடைத்தது. ஹாஸ்டலில் தங்க வேண்டும். வீட்டில் பெரிய பூகம்பம் வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். வரவில்லை. இரண்டு வருஷம் தினமும் போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்தவளைப் பார்த்துப் பார்த்து அப்பாவுக்குப் பயம் தேய்ந்துபோயிருந்தது. இவன்தான் போகவில்லை, இதுவாவது போகட்டும் என்றார். அந்த வருஷமே எங்கள் தெருவிலிருந்து இன்னும் மூன்று பெண்கள் பெரம்பலூர் பஸ் ஏறினார்கள். அவர்கள் வீட்டில் வாக்குவாதம் வந்தபோது, ‘அந்த வூட்டுப் புள்ள போவலையா?’ என்ற ஒரு கேள்வி போதுமானதாக இருந்ததாம்.

இப்போது நான் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். சுரங்கத்திலிருந்து வரும் சுண்ணாம்புக்கல்லைப் பொடித்து அளந்து பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்வது என் வேலை. கருவியும் என் கையில்தான், ரீடிங்கும் என் கையில்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் ஒரு கருவி நின்றுபோனது. சரிசெய்ய வந்த எலெக்ட்ரீஷியன் சின்னப் பையனாக இருந்தான். பதினெட்டு வயதுதான். இந்த வயதிலா என்று கேட்டேன். “பத்தாவது முடிச்சதும் நேரா ஐடிஐ மேடம். ரெண்டே வருஷம்” என்றான். அவன் கழற்றி மாட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அண்ணன் கட்டிலில் போர்வையை மூடிக்கொண்டு கிடந்த அந்த மூன்று நாளும், அந்தப் படிவத்தின் கடைசித் தேதியும் ஒரே வாரத்தில் வந்தவை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்று மாலை அம்மாவுக்குப் போன் செய்தேன். நான் சுற்றி வளைத்துக் கேட்டதை அம்மா பாதியிலேயே வெட்டினாள்.

“மூணு நாளாப் பட்டினின்னு ஊரே பேசுச்சு. பட்டறைக்குள்ள சோத்தக் கொண்டுபோய் வச்சது யாருன்னு நெனச்ச?”

அம்மா ஒருமுறைதான் வாயைத் திறந்து பேசினாள், பிறகு பேசவே இல்லை என்று அத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

அண்ணன் இப்போது செட்டிகுளத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். சுற்று வட்டாரத்தில் எந்தக் கிணற்று மோட்டார் எரிந்தாலும் அவனிடம்தான் வரும். நன்றாக இருக்கிறான். அண்ணி, இரண்டு பெண் குழந்தைகள். போன பொங்கலுக்குப் போனபோது நேராகக் கடைக்குப் போய், இதையெல்லாம் சொல்லி நன்றி சொல்லிவிடுவது என்று மனதில் வரிசையாகக் கட்டி வைத்திருந்தேன். முதல் வரியைத் தொடங்குவதற்குள், “மிக்சி எதாச்சும் கொண்டாந்தியா, இல்ல சும்மாதான் வந்தியா?” என்றான். சும்மாதான் என்றேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டான். அவன் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். நான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கும் நாற்காலி அவன் கேலிப்பேச்சு வாங்கிச் சம்பாதித்துக் கொடுத்தது.

அவனே ஒருமுறை இதைச் சொல்லியும் இருக்கிறான். எனக்குத்தான் காது இருக்கவில்லை. நான் ஹாஸ்டலுக்குக் கிளம்ப இரண்டு வாரம் இருந்தது. ஐடிஐயில் சேர அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். சான்றிதழ் நகல்களைத் தொலைத்துவிடுவானாம், நான்தான் வைத்திருக்க வேண்டுமாம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். அதே மாதிரிப் படிவம், அதே அழகான எழுத்து. இந்தத் தடவை அப்பாவின் கையெழுத்தும் இருந்தது. அவர் கண்ணாடிக்கு மேலே நிமிர்ந்து பார்த்தார்.

“இதுக்குப் பத்தாவதே போதுமேப்பா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே வந்திருக்கலாமே. முதல் குரூப்புல போயி என்ன பண்ணுன?”

“தங்கச்சிக்குத் துணைக்குப் போனேன் சார்.”

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் யார் யாருக்குத் துணையாகப் போனார்கள் என்பது எனக்குத் தெரியாதா என்ன. நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.